இசட் டிரைவ் எங்கே இருக்கிறது?

அலுவலகக் கணினியில் சி, டி டிரைவ்களுக்குக் கீழே இசட் என்றோ எக்ஸ் என்றோ ஒரு தனி எழுத்து தெரியும். கணக்குப் பிரிவின் எக்செல் கோப்புகள், விடுப்புப் படிவம், ஐந்து வருடத்துக்கு முந்தைய டெண்டர் ஆவணங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். சி டிரைவைத் திறப்பது போலவே அதையும் சொடுக்கித் திறக்கிறோம். கோப்பைத் திருத்தி, சேமித்து, மூடிவிடுகிறோம். அந்தக் கோப்பு நம் மேஜைக்குக் கீழே இருக்கும் வட்டில் இல்லை. வேறொரு அறையிலோ வேறொரு மாடியிலோ சில சமயம் வேறொரு ஊரிலோ இருக்கும் கணினியின் வட்டில் இருக்கிறது.

எக்செலுக்கு இதைப் பற்றிக் கவலையில்லை. ‘இந்தக் கோப்பைத் திற, இத்தனை பைட் படி, இத்தனை பைட் எழுது’ என்று சி டிரைவிடம் கேட்கும் அதே கேள்விகளைத்தான் இசட் டிரைவிடமும் கேட்கிறது. தூரம் என்ற ஒன்று இருப்பதையே மென்பொருள் உணராதபடி மறைக்கும் வேலையை எஸ்எம்பி என்ற நெறிமுறை நாற்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறது. சர்வர் மெசேஜ் பிளாக் என்பது அதன் முழுப் பெயர். இந்த மறைப்பை அலுவலகக் கணினிகளின் வரலாற்றில் நடந்த மிகச் சிறந்த பொறியியல் வேலைகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, கோப்பு பூட்டிக்கொண்டது, வைரஸ் பரவியது என்று நாம் படும் பாடுகளில் பெரும்பகுதிக்கு வேரும் அதே மறைப்பில்தான் இருக்கிறது.

1983இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். அப்போதைய கணினிகளில் டாஸ் இயங்குதளம் இருந்தது. டாஸில் ஒரு மென்பொருளுக்குக் கோப்பு வேண்டுமென்றால் இன்டரப்ட் 21 என்ற ஒரே வழியாகத்தான் இயங்குதளத்திடம் கேட்கும். ஃபைகன்பாம் அந்த வழியின் குறுக்கே ஒரு நிரலை வைத்தார். கேட்கப்படும் கோப்பு உள்ளூர் வட்டில் இருந்தால் அந்த நிரல் ஒதுங்கிக்கொள்ளும். வேறு கணினியில் இருந்தால் கேள்வியை ஒரு செய்தியாகக் கட்டிக் கம்பி வழியே அனுப்பும். வந்த பதிலை உள்ளூர் வட்டு கொடுத்த பதிலைப் போலவே மென்பொருளிடம் ஒப்படைக்கும். அதனால் டாஸுக்காக எழுதப்பட்ட பழைய மென்பொருள்களில் ஒரு வரிகூட மாற்றாமல் அவற்றை நெட்வொர்க்கில் ஓட்ட முடிந்தது. முதலில் ஃபைகன்பாம் தன் பெயரின் முதலெழுத்துகளான பிஏஎஃப் என்பதையே இதற்குப் பெயராக வைத்திருந்தார். வெளியிடும் முன் அது எஸ்எம்பி ஆயிற்று. பின்னர் மைக்ரோசாஃப்ட் இதைத் தன் நெட்வொர்க் மென்பொருளான லேன் மேனேஜரில் சேர்த்துக்கொண்டது. 1992இல் வந்த விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் வழியாக அது சாதாரண அலுவலக மேஜைகளுக்கு வந்து சேர்ந்தது.

இன்று ஒரு கோப்பை இரண்டு முறை சொடுக்கும்போது கம்பியில் என்ன நடக்கிறது? இரண்டு சாய்கோடுகளில் தொடங்கி \\சர்வர்1\கணக்கு என்று ஒரு முகவரியைப் பார்த்திருப்பீர்கள். முதல் சொல் கணினியின் பெயர், இரண்டாவது சொல் அந்தக் கணினி பிறருக்குத் திறந்துவைத்திருக்கும் ஷேரின் பெயர். இசட் என்ற எழுத்து இந்த முகவரிக்கு நாம் வைத்துக்கொண்ட சுருக்கம், அவ்வளவுதான். நம் கணினி முதலில் ‘சர்வர்1’ என்ற பெயருக்கு உரிய ஐபி முகவரியை டிஎன்எஸ் மூலம் கண்டுபிடித்து, அதன் 445ஆம் எண் போர்ட்டில் இணைப்பைத் தொடங்குகிறது.

இணைந்தவுடன் கோப்பைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. எந்தப் பதிப்பில் பேசுவது என்றுதான் முதலில் முடிவாக வேண்டும். நம் கணினி தனக்குத் தெரிந்த பதிப்புகளை 2.0.2, 2.1, 3.0, 3.0.2, 3.1.1 என்று வரிசையாகச் சொல்லும். சர்வர் தனக்கும் தெரிந்தவற்றில் உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கும். அடுத்து, பேசுவது யார் என்று நிரூபிக்க வேண்டும். டொமைன் உள்ள அலுவலகங்களில் இது பெரும்பாலும் கெர்பரோஸ் முறையில் நடக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறையில், காலையில் நாம் உள்நுழையும்போது டொமைன் கன்ட்ரோலர் கொடுத்த சான்றைக் காட்டி சர்வருக்கான டிக்கெட்டைக் கணினி வாங்கிக்கொள்ளும். டிக்கெட்டில் நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். இயல்பான அமைப்பில் இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் டிக்கெட் செல்லாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போன கணினியில் சில சமயம் ஷேர் ஃபோல்டர் திறக்காமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆள் யார் என்று தெரிந்த பிறகு ‘கணக்கு’ என்ற ஷேருக்குள் நுழைய அனுமதி கேட்கப்படுகிறது. இங்கே இரண்டு பட்டியல்கள் சரிபார்க்கப்படும். ஒன்று ஷேருக்கு வைத்த அனுமதி, மற்றொன்று வட்டில் அந்த ஃபோல்டருக்கு வைத்த அனுமதி. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ஒரு பட்டியலில் முழு உரிமை கொடுத்துவிட்டு மற்றொன்றை மறந்ததால் ‘எல்லாம் கொடுத்தும் எழுத முடியவில்லையே’ என்று தவிக்கும் சிஸ்டம் அட்மின்கள் ஏராளம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘மார்ச் மாதச் செலவு’ என்ற கோப்பைத் திறக்கும் கோரிக்கை போகிறது. சர்வர் கோப்பைத் தன் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அடையாள எண்ணை மட்டும் திருப்பித் தருகிறது. அதன்பின் கோப்பின் பெயருக்கு வேலையில்லை. ‘இந்த எண்ணுள்ள கோப்பில் முதல் பைட்டிலிருந்து 64 கிலோபைட் கொடு’, ‘அடுத்த 64 கொடு’, ‘மூடிவிடு’ என்று உரையாடல் போகும்.

ஒரு வினா, ஒரு விடை. இந்த அமைப்பில்தான் முதல் தொல்லை ஒளிந்திருந்தது. உள்ளூர் வட்டிடம் நூறு சின்னக் கேள்விகள் கேட்பது மென்பொருளுக்குப் பெரிய செலவில்லை. அதே நூறு கேள்விகள் கம்பியில் போகும்போது ஒவ்வொன்றும் போய்த் திரும்பக் காத்திருக்க வேண்டும். பழைய எஸ்எம்பி 1இல் ஒரு வாசிப்புக் கோரிக்கையில் சுமார் 60 கிலோபைட் வரைதான் கேட்க முடிந்தது என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரே கட்டிடத்துக்குள் ஒரு செய்தி போய்த் திரும்ப 1 மில்லிவிநாடி ஆனால், ஒரு விநாடியில் 60 மெகாபைட் வந்துவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சர்வர் தலைமை அலுவலகத்தில் இருந்து, போய்த் திரும்ப 50 மில்லிவிநாடி ஆகிற கிளை அலுவலகத்தில் அதே கோப்பு விநாடிக்கு 1.2 மெகாபைட் வேகத்தில்தான் வரும். இணைப்பின் அகலத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. நேரம் போவது காத்திருப்பில். இணைப்பு பாதி வேளை சும்மாவே இருக்கிறது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி வேகமான லைன் வாங்கியும் ஷேர் ஃபோல்டர் ஊர்ந்துகொண்டிருந்ததற்கு இந்த எளிய வகுத்தல் கணக்கே விடை.

2006இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த எஸ்எம்பி 2 இந்தக் கணக்கைத்தான் மாற்றி எழுதியது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நூற்றுக்கு மேல் பெருகியிருந்த கட்டளைகள் 19 ஆகக் குறைக்கப்பட்டன. ஒரு பதில் வருவதற்குள் பல கேள்விகளை அனுப்பவும், ‘திற, விவரம் சொல், மூடு’ என்ற மூன்றையும் ஒரே செய்தியாகக் கட்டி அனுப்பவும் வழி வந்தது. ஒரே நேரத்தில் எத்தனை கேள்விகள் நிலுவையில் இருக்கலாம் என்பதை, கணினிக்குக் கணினி கிரெடிட் வழங்கி சர்வர் கட்டுப்படுத்தும். அடுத்து வந்த 2.1இல் ஒரே கோரிக்கையில் 1 மெகாபைட் வரை படிக்க முடிந்தது.

அந்தக் காலத்து ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ திரை நினைவுள்ளவர்களுக்கு இன்னொரு புதிர் நினைவிருக்கும். அணைத்துப் போட்ட கணினியின் பெயர் பட்டியலில் தெரியும். இப்போதுதான் ஓடத் தொடங்கிய கணினி தெரியாது. மையமான பெயர்ப்பட்டியல் இல்லாத சிறு அலுவலகங்களில் கணினிகள் தங்களுக்குள் உண்மையிலேயே தேர்தல் நடத்தின. விண்டோஸ் என்டி சர்வர் இருந்தால் அதற்கு முன்னுரிமை, அடுத்து என்டி ஒர்க்ஸ்டேஷன், அதற்கும் கீழே விண்டோஸ் 95 என்று தகுதி பார்த்து, சமமாக இருந்தால் அதிக நேரம் ஓடிக்கொண்டிருப்பதைத் தேர்ந்தெடுக்கும். வென்ற கணினி பட்டியலைப் பராமரிக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். மூன்று அறிவிப்புகள் தவறினால்தான் பெயர் நீக்கப்படும். அதாவது 36 நிமிடம். துணைக் கணினிகள் அந்தப் பட்டியலை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுக்கும். இரண்டையும் கூட்டினால், இல்லாத ஒரு கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் நீடிக்கலாம். பட்டியலைத் தயாரிக்கும் வேலையும் கோப்பைத் திறக்கும் வேலையும் வெவ்வேறு என்பதைத் திரை சொல்லாமல் மறைத்ததால், ‘தெரிகிறது ஆனால் திறக்கவில்லை’ என்ற புகார் ஆண்டுக்கணக்கில் தீராமல் இருந்தது. பட்டியலில் தெரியாத கணினிக்கும் இரண்டு சாய்கோடு போட்டுப் பெயரை நேரடியாக அடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இனி இந்த நெறிமுறையின் இதயத்துக்கு வரலாம். பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிதான பகுதி. ஒரே கோப்பைப் பலர் தொடும்போது எல்லோரும் ஒரே உண்மையைப் பார்க்கிறார்கள் என்று உறுதி செய்வதுதான் கடினம்.

வேகம் வேண்டுமானால் கணினி தன் நினைவகத்தில் ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரிடம் ஓடாமல், மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்ப வேண்டும். ஆனால் என் கணினியின் நினைவகத்தில் நான் இப்போது மாற்றிய தொகை இருக்க, சர்வரின் வட்டில் பழைய தொகையே இருக்க, அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் இருப்பவர் அதே கோப்பைத் திறந்தால் அவர் பார்ப்பது பொய். எஸ்எம்பி இதற்குக் கண்டுபிடித்த தீர்வு ஆப்லாக் எனப்படுகிறது. முதலில் கோப்பைத் திறப்பவரிடம் சர்வர், ‘இப்போதைக்கு இந்தக் கோப்பை வேறு யாரும் தொடவில்லை, உன் நினைவகத்தில் வைத்து உன் விருப்பம்போல் வேலை செய், என்னிடம் வரத் தேவையில்லை’ என்று வாக்குக் கொடுக்கிறது. இரண்டாமவர் வந்து கதவைத் தட்டும்போது சர்வர் அவருக்கு உடனே பதில் சொல்வதில்லை. அவரை நிறுத்திவைத்துவிட்டு, முதலாமவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: வாக்கு முடிந்தது, கையில் இருப்பதையெல்லாம் திருப்பி எழுது. கேட்டதற்குப் பதில் சொல்வது மட்டுமே வழக்கமான வேலையாக உள்ள சர்வர், யாரும் கேட்காமல் தானாக வாய் திறக்கும் அரிதான தருணம் இது. முதல் கணினி சேர்த்துவைத்த மாற்றங்களை அனுப்பி, ‘ஆயிற்று’ என்று சொன்ன பிறகே இரண்டாமவருக்குக் கோப்பு திறக்கும்.

முதல் கணினி அந்த நேரத்தில் உறைந்து நின்றால்? சர்வர் காத்திருக்கும். விண்டோஸ் சர்வரின் பழைய இயல்பான அமைப்பில் இந்தக் காத்திருப்புக்கு 35 விநாடி வரம்பு இருந்தது. ஒரு சிறு எக்செல் கோப்பைத் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் சுழன்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திறந்துகொள்ளும் அனுபவம் உள்ளவர்கள் வேறு யாரோ ஒருவரின் கணினி தன் வாக்கைத் திருப்பித் தரும்வரை காத்திருந்திருக்கலாம். திரையில் சுழலும் வட்டம் அதைச் சொல்வதில்லை. முதல் கணினிக்கு மின்சாரம் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். அதன் நினைவகத்தில் மட்டும் இருந்த, சர்வரை இன்னும் எட்டாத மாற்றங்கள் அப்படியே போய்விடும்.

‘இந்தக் கோப்பை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் முடியும்’ என்ற அறிவிப்பு இதிலிருந்து வேறுபட்டது. வேர்ட் ஒரு கோப்பைத் திறக்கும்போது, தான் மூடும்வரை வேறு யாருக்கும் எழுதும் உரிமை தரக் கூடாது என்று சர்வரிடம் சொல்லிவைக்கிறது. கூடவே அதே ஃபோல்டரில் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னொட்டாகக் கொண்ட ஒரு சிறு மறைகோப்பை உருவாக்கி அதில் திறந்தவரின் பெயரை எழுதிவைக்கிறது. இரண்டாமவர் திறக்க முயலும்போது சர்வர் தடுக்கிறது. யார் தடையாக இருக்கிறார் என்ற பெயரை வேர்ட் அந்த மறைகோப்பில் படித்துச் சொல்கிறது. வேர்ட் பாதியில் செத்துப்போனால் மறைகோப்பு அழியாமல் கிடக்கும். விடுமுறையில் ஊருக்குப் போனவர் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பதாகத் திரை சொல்வதும் இப்படி நடக்கும். சர்வரில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து, ஷேர்டு ஃபோல்டர்களின் கீழ் உள்ள ‘ஓபன் ஃபைல்ஸ்’ பட்டியலைப் பார்த்தால் உண்மையில் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது பலரின் ஒரு நாள் வேலையைக் காப்பாற்றும்.

மறைப்பு எவ்வளவு தூரம் ஆபத்தாக முடியும் என்பதற்கு ஃபாக்ஸ்புரோவும் டிபேஸும் கோலோச்சிய காலம் நல்ல சாட்சி. அந்த டேட்டாபேஸ் மென்பொருள்களில் எழுதிய கணக்கு, ஸ்டாக், சம்பளப் பட்டியல் நிரல்கள் டேட்டா கோப்பை நெட்வொர்க் டிரைவில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி அமைந்தன. ஒரு வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், பொருத்தமான இன்டெக்ஸ் இல்லாதபோது முழு டேபிளும் கம்பி வழியே கேட்டவரின் கணினிக்கு வந்து, தேடல் அங்கே நடக்கும். சர்வருக்கு அது டேட்டாபேஸ் என்றே தெரியாது. கேட்ட பைட்டுகளைக் கொடுக்கும், அவ்வளவுதான். எஸ்கியூஎல் சர்வர் போன்றவற்றில் கேள்விதான் சர்வருக்குப் போகிறது, விடை மட்டும் திரும்பி வருகிறது. பத்துப் பேர் பயன்படுத்தத் தொடங்கியதும் பழைய நிரல்கள் மூச்சுத் திணறியதன் காரணம் இது. ஆப்லாக் வாக்குகளும் பல கணினிகளில் இருந்து வரும் எழுதும் கோரிக்கைகளும் மோதி இன்டெக்ஸ் கோப்புகள் சிதைந்ததால், இப்படிப்பட்ட டேட்டா உள்ள சர்வர்களில் ஆப்லாக்கையே நிறுத்திவைப்பது அக்கால சிஸ்டம் அட்மின்களின் பழகிய வைத்தியமாக இருந்தது. வேகம் குறைந்தாலும் கணக்கு தப்பியது.

யூனிக்ஸ் உலகம் இதே சிக்கலை எதிர்த்திசையில் அணுகியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ் நெறிமுறையில், யார் எதைத் திறந்திருக்கிறார்கள் என்பதை சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. சர்வர் விழுந்து எழுந்தாலும் கணினிகள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் போதும். எஸ்எம்பி சர்வர் விழுந்தால் அது வைத்திருந்த அடையாள எண்களும் பூட்டுகளும் வாக்குகளும் அனைத்தும் போய்விடும். என்எஃப்எஸ்ஸினுடையது அழகான தீர்வுதான், ஆனால் நினைவில்லாத சர்வரால் வாக்குக் கொடுக்க முடியாது. பூட்டுவதற்குத் தனியாக இன்னொரு நெறிமுறை வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட என்எஃப்எஸ் 4இல் நினைவு திரும்பி வந்தது. ஆப்லாக்கை ஒத்த ஒப்படைப்பு முறையும் சேர்ந்தது. மறுபக்கம் எஸ்எம்பி, சற்று நேரம் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்தில் தொடரும் அடையாள எண்களை 2ஆம் பதிப்பிலும், சர்வரே விழுந்து அதன் இணை சர்வர் பொறுப்பேற்றாலும் தொடரும் எண்களை 3ஆம் பதிப்பிலும் கற்றுக்கொண்டது. எதிரெதிராகப் புறப்பட்ட இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த அவர், டெக் நிறுவனத்தின் பாத்ஒர்க்ஸ் மென்பொருள் ஓடிய டாஸ் கணினியிலிருந்து தன் யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைப் பார்க்க விரும்பினார். நெறிமுறையின் விளக்க ஆவணம் அவரிடம் இல்லை. கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தே அது எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்தார். பிரெஞ்சு தெரியாதவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, பிறர் என்ன சொல்லும்போது பரிமாறுபவர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்து மொழி கற்பதுபோல என்று இந்த முறையை அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். அந்த நிரல்தான் இன்று சாம்பா. ‘எஸ்எம்பி சர்வர்’ என்ற முதல் பெயரை வேறு நிறுவனம் உரிமை கோரியதால், எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடி இந்தப் பெயரை எடுத்தார்கள். லினக்ஸில் ஓடும் கோப்பு சர்வர்களுக்கும் மேஜை ஓரத்தில் வைக்கும் பல நாஸ் பெட்டிகளுக்கும் உள்ளே இருப்பது சாம்பா. விலையுயர்ந்த சர்வர் உரிமம் வாங்க முடியாத எத்தனையோ பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டுப் பொது டிரைவ் வைத்துக்கொண்டது இதனால்தான் சாத்தியமாயிற்று.

பாக்கெட்டுகளைப் பார்த்துக் கற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நெறிமுறையின் விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தராததும் ஒரு காரணமாக, 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்த பின், அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ செலுத்தி ஆவணங்களைப் பெறும் ஒப்பந்தம் சாம்பா குழுவுக்குக் கிடைத்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் நெறிமுறை ஆவணங்களைப் பொதுவில் வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனமும் 2013இல் வந்த மாவரிக்ஸ் பதிப்பிலிருந்து, தன் சொந்த நெறிமுறையை விட்டு எஸ்எம்பி 2க்கு மாறிக்கொண்டது.

கடைசியாகப் பாதுகாப்பு. ஒரே அறையில் ஒருவரையொருவர் நம்பும் சில கணினிகளுக்காகப் பிறந்த நெறிமுறை இது என்பதை இங்கே மறக்கக் கூடாது. லேன் மேனேஜர் காலத்தில் கடவுச்சொல்லை முழுவதும் பெரிய எழுத்தாக மாற்றி, 14 எழுத்தோடு நிறுத்தி, ஏழு ஏழாக இரண்டாக வெட்டிப் பாதுகாத்தார்கள். 14 எழுத்தை உடைப்பது கடினம். ஏழு எழுத்தை இரண்டு முறை உடைப்பது எளிது. பிறகு வந்த என்டிஎல்எம் முறையில் சர்வர் 8 பைட் எண் ஒன்றை அனுப்பும், கணினி அதைக் கடவுச்சொல்லின் ஹாஷுடன் கலந்து விடை சொல்லும். கடவுச்சொல் கம்பியில் போவதில்லை. ஆனால் நடுவில் ஒருவன் நின்றுகொண்டு, சர்வரின் எண்ணை நம்மிடம் தந்து, நம் விடையை சர்வரிடம் தந்தால், கடவுச்சொல் தெரியாமலே நம் பெயரில் உள்ளே போய்விடலாம். இதைச் செய்து காட்டும் கருவி 2001லேயே வெளிவந்தது. ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இடுவது இதற்கு மருந்து. நடுவில் நிற்பவனிடம் கையொப்பமிடும் திறவுகோல் இருக்காது. மருந்து கையில் இருந்தும் சாதாரண மேஜைக் கணினிகளில் அதைக் கட்டாயமாக்க, 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வரை நாள் பிடித்தது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற தீநிரல், பழையதைச் சுமந்துகொண்டே போவதன் விலையைக் காட்டியது. அது பயன்படுத்திய இடர்னல்புளூ என்ற தாக்குதல் கருவி குறிவைத்த ஓட்டை எஸ்எம்பி 1இல், ஓஎஸ்/2 இயங்குதளத்தின் கோப்புப் பண்புகளை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றும் நிரல் பகுதியில் இருந்தது. ஓஎஸ்/2 என்பது 1987இல் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வெளியிட்டது. ஐபிஎம் அதற்கான ஆதரவை 2006லேயே நிறுத்திவிட்டது. 32 பிட் அளவுள்ள ஓர் எண்ணைத் திருத்தும்போது அந்த நிரல் அதன் 16 பிட்டை மட்டும் மாற்றியது. அதனால் நீளம் தவறாகக் கணக்கிடப்பட்டு, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதப்பட்டது. எஸ்எம்பி சர்வர் நிரல் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடுவதால், ஓட்டை வழியே நுழைந்தவருக்குக் கணினி முழுவதும் சொந்தம். கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஏப்ரல் 14 அன்று அந்தக் கருவியை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு வெளியே கொட்டியது. இடையே கிடைத்த மாதங்களில் திருத்தத்தை நிறுவாத கணினிகள் 150 நாடுகளில் விழுந்தன. இங்கிலாந்தில் தேசிய மருத்துவச் சேவையின் டிரஸ்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய யாருமே பயன்படுத்தாத ஓர் இயங்குதளத்துக்காக வைத்திருந்த வசதி மருத்துவமனைகளை நிறுத்தியது என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. ஆனாலும் அது பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. காரணம் பெரும்பாலும் மூலையில் நிற்கும் ஜெராக்ஸ் மெஷின்தான். ஸ்கேன் செய்ததை நேரடியாக ஷேர் ஃபோல்டரில் போடும் பழைய மெஷின்களுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். கணினியை மாற்றியதும் ஸ்கேன் வரவில்லை என்று புகார் வரும், வந்தவர் கன்ட்ரோல் பேனலில் எஸ்எம்பி 1 என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டுப் போவார், ஸ்கேன் வரும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதைவிட, மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா என்று பார்ப்பதும், முடியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றுவதும் நல்லது. ஷேர் ஃபோல்டருக்குத்தான் வர வேண்டும் என்றால், அந்த ஒரு மெஷினுக்காக மட்டும் ஒதுக்கிய, கணக்குக் கோப்புகள் எதுவும் இல்லாத தனிக் கணினியில் அந்த டிக் இருக்கட்டும்.

உங்கள் இசட் டிரைவ் எந்தப் பதிப்பில் பேசுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. டிரைவைத் திறந்து வைத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக பவர்ஷெல்லைத் திறந்து, கெட், எஸ்எம்பி கனெக்‌ஷன் என்ற இரண்டையும் நடுவில் ஒரு சிறுகோடு இட்டு ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால், ‘டயலெக்ட்’ என்ற நெடுவரிசையில் எண் தெரியும். 3.1.1 என்று இருந்தால் நல்லது. 2இல் தொடங்கினால் சர்வர் பழையது. 1இல் தொடங்கினால், மறுமுனையில் இருக்கும் பெட்டி எது என்று இன்றே கண்டுபிடியுங்கள். கூடவே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: இசட் டிரைவில் அழித்த கோப்பு உங்கள் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. தூரம் அங்கே மறைக்கப்படவில்லை. அதற்கான பேக்அப் யார் பொறுப்பில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து சரிபார்க்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் அலுவலகத்தில் ஒருவருக்காவது விடை தெரிந்திருக்க வேண்டும்.